உருளைக்கிழங்கு கணக்கில் வராது

“ஐயோ, கமலவேணிய வெட்டிடாதீங்க!” என்று என் மனைவி ரோசா அலறியபோது அரிவாள்மணையில் கத்திரிக்காய் பாதி இறங்கியிருந்தது. ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி கூடத்துக்குக் கொண்டுபோய், தரையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் வைத்தாள். அங்கே மூன்று வரிசையாகக் காய்கறிகள் உட்கார்ந்திருந்தன. காலை, மாலை, இரவு என்று மூன்று டூட்டி. பெரிய மார்க்கெட்டில் நான் பேரம் பேசி வாங்கிவந்த காய்கள் எல்லாம் பெண்கள் சர்ஜிக்கல் வார்டின் நர்சுகளாகிவிட்ட சேதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. குழம்பு வைக்கலாமென்று உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரியில் கைவைத்துவிட்டேன்.

கமலவேணிக்குக் கத்திரிக்காய் என்பது அவள் கொண்டுவரும் எண்ணெய்க் கத்திரிக்காயால் வந்தது. ரோசாவோடு நர்சிங் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, இத்தனை வருஷமும் ஒரே வார்டில் இருக்கிற சிநேகிதி அவள். செல்வாம்பாள் நெட்டை என்பதால் முருங்கைக்காய். டாக்டர் கொஞ்சம் அதட்டினாலே கண் கலங்கிவிடுகிற புதுப் பெண் ஒருத்தி சின்ன வெங்காயம். பாகற்காய் யாரென்று கேட்டேன். ரோசா பதில் சொல்லாமல் சிரித்தாள். தனக்கு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டிருந்தாள். “எதோட போட்டாலும் சேந்துக்கும், அதான்” என்றாள். ஒவ்வொரு நாளுக்கும் காய்களை இடம் மாற்றி உட்காரவைத்துப் பார்ப்பது, சரியாக வந்தால் தாளில் எழுதிக்கொள்வது, மறுபடியும் கலைப்பது. திங்கட்கிழமை அவள் வார்டு சிஸ்டராகப் பொறுப்பேற்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த வாரத்து டூட்டி சார்ட்டைப் போட்டு மேட்ரனிடம் காட்டிச் சரி வாங்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காய் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. கருவாட்டைப் போட்டுக் குழம்பை ஒப்பேற்றினேன்.

நோயாளிகளுக்கு வெள்ளைக் கவுன் போட்ட எல்லோருமே சிஸ்டர்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் சிஸ்டர் என்று சொன்னால் அது வார்டுக்குப் பொறுப்பான ஒருத்தியை மட்டும் குறிக்கும். நர்சுகளுக்கு இடுப்பில் வெள்ளை பெல்ட், சிஸ்டருக்குச் சிவப்பு. ஆர்டர் வந்த அன்று ரோசா அந்தச் சிவப்பு பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை என் இடுப்பில் கட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. நான் மில்லில் தறி ஓட்டுகிறவன், யூனியன்காரன். சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு மில் கேட்டுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தியவன். எனக்கு ஒரு நாளும் பலன் தராத சிவப்பு என் மனைவியின் இடுப்புக்கு வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. நான் ஒழிக ஒழிக என்று கூப்பாடு போட்ட மேனேஜ்மெண்ட் இனிமேல் என் வீட்டிலேயே சாப்பிட்டு, என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கப்போகிறது!

மறுநாள் மில்லில் சேதி பரவிவிட்டது. பக்கத்துத் தறி கோவிந்தராசு இயந்திரச் சத்தத்தையும் மீறி, “என்னா அருளானந்தம், ஊட்டுக்குள்ளயே மேனேஜ்மெண்ட் பூந்துடுச்சாமே! பேச்சுவார்த்தைன்னா எங்கள கூப்புடுப்பா, தனியா போயி மாட்டிக்காத” என்று கத்தினான். அன்று முழுக்க வந்தவன் போனவன் எல்லாம் என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். வீட்டுக்குத் திரும்பும்போது அரியாங்குப்பம் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்தேன். திண்டிவனத்தில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிற எங்கள் மகளுக்கு, உன் அம்மா பெரிய அதிகாரி ஆகிவிட்டாள் என்று ஒரு கார்டு போட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே மேனேஜ்மெண்ட் எங்கள் மேஸ்திரி. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சிரிக்கமாட்டார். பேர் தெரிந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஒருத்தன் எங்கே போய் எதைச் செய்யவேண்டும் என்பதை ஒரு விரலை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். அந்த விரலை எத்தனையோ நாள் ஒடிக்க வேண்டுமென்று நினைத்தவன் நான். இருந்தாலும் வேறு ஆள் இல்லாததால் அவரையே மாதிரியாக வைத்து ரோசாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். முதல் ஷிப்டு முடிந்து வந்து, முற்றத்தில் அவளை நிற்கவைத்துவிட்டு, நான் லேட்டாக வந்த நர்சாக வாசலில் இருந்து ஓடிவருவேன்.

“ஏன் லேட்டு?” என்றாள் ரோசா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“பஸ்ஸு கெடைக்கல சிஸ்டர்.”

“அதுக்கு நான் என்னா பண்றது? டெய்லி இதே கதைதானா?”

இதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். உடனே அவள் கை முன்னால் வந்துவிட்டது. “காலைல எதுனா சாப்ட்டியா இல்லியா?” என்றாள்.

“இப்பிடி கேட்டின்னா நாளைக்கு மொத்த வார்டும் லேட்டா வரும்.”

“வரட்டுமே. சாப்ட்டுட்டு வரட்டும்.”

விரல் விஷயம் அதைவிட மோசம். விரலை நீட்டினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரிப்பை அடக்கினால் விரல் மடங்கிவிடும். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னாக்கா, அண்ணன வெரல நீட்டி மெரட்டறீங்க?” என்று கேட்டாள். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. எனக்கோ அவள் தோற்றுப்போவதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, “வேணான்னு எழுதிக் குடுத்துடட்டுமா?” என்றாள்.

“எத?”

“இந்த சிஸ்டர் வேலையத்தான். இஷ்டமில்லன்னு எழுதிக் குடுத்தா வேற வார்டு ஆளப் போட்டுடுவாங்களாம். சனிக்கெழமைக்குள்ள குடுக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்பது முதலில் வந்த கவலை. ஏன் என்று கேட்டேன். வார்டைப் பார்க்க பயமா? இல்லை. டாக்டரிடம் பேச பயமா? அதுவும் இல்லையாம். அரிசியையே அளைந்துகொண்டிருந்தாள்.

“மதியானம் நான் யார்கூட சாப்புடறது?” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் ஒன்றாகச் சாப்பிடுகிற தாம்பாளத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. டிரஸ்ஸிங் சாமான் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் நர்சுகளுக்கென்று ஒரு சின்ன அறை. மதியம் அங்கே பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் எல்லோருடைய டப்பாவும் கவிழும். எந்த வீட்டுச் சோறு, எந்த வீட்டுக் குழம்பு என்றில்லாமல் பிசைந்து, சுற்றி உட்கார்ந்து எல்லாக் கையும் அதிலேயே சாப்பிடும். ரோசாவின் அப்பா செத்துப்போய் அவள் திரும்பி வேலைக்குப் போன அன்று, அவளுக்குச் சோறு இறங்காமல் இருந்தபோது, அந்தத் தாம்பாளத்திலிருந்துதான் கமலவேணி உருட்டி உருட்டி ஊட்டினாளாம். இதை ரோசா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சிஸ்டராக இருப்பவர் மட்டும் அதில் உட்காருவதில்லை. இப்போது ஓய்வு பெறப்போகிற ஸ்டெல்லாமேரி சிஸ்டர், மஸ்ஸேர் என்கிற வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகளிடம் தொழில் படித்தவர், வார்டு ஓரத்தில் இருக்கும் தன் தடுப்பு அறையில் தனியாகச் சாப்பிடுவார். ராங்கி பிடித்தவர் என்று நர்சுகளுக்குள் பேச்சு. நாளைக்கு அந்த ராங்கிப் பட்டம் ரோசாவுக்கு.

ஒரு தட்டுச் சோற்றுக்காகப் பெரிய வேலையை விடுவார்களா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எங்கள் தறிக்காரன் ஒருவன் மேஸ்திரியானபோது மறுநாளே நாங்கள் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போய்விட்டோம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவன் கொஞ்ச நாள் பழைய மரத்தடியிலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரோசாவுக்கு அப்படி ஒரு மரத்தடி வரக்கூடாது என்றுதான் தோன்றியது.

விஷயம் கமலவேணிதான் என்று பிறகு சொன்னாள். ஆர்டர் வந்ததிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாளாம். ரோசா அறைக்குள் நுழைந்தால் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். தாம்பாளத்தில் நாலு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு டிரே கழுவ வேண்டுமென்று ஓடுகிறாள். ஏண்டி என்று வழிமறித்துக் கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்று தலையைக் குனிந்துகொண்டு நழுவினாளாம். “சிஸ்டர்ங்கறா அவ, என்னப் பாத்து” என்றாள் ரோசா. ஒரே நாளில் சேர்ந்தவர்கள், பெயர் வரிசையில் ரோசா ஒரு படி மேலே இருந்துவிட்டாள். கமலவேணிக்கு மனசு நொந்திருக்கும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கமலவேணியைச் சமாதானம் செய்யத்தான் வெள்ளிக்கிழமை ரோசா காய்களைப் பரப்பினாள். பொறுப்பேற்கிற திங்கட்கிழமைதான் மாசிமகம். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாள். கமலவேணியின் ஊர்ப் பெருமாளும் வருவார், அவள் குடும்பமே அவரோடு வரும். கிறிஸ்துமஸ் ராத்திரி டூட்டி ரோசாவுக்கு வந்தால் கமலவேணி பார்ப்பாள், மாசிமகத்துக் காலை டூட்டி கமலவேணிக்கு வந்தால் ரோசா பார்ப்பாள் என்பது இரண்டு பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏற்பாடு. வார்டில் பல பேர் இப்படித்தான் ஜோடி சேர்ந்து வைத்திருந்தார்கள். இந்த முறையும் கத்திரிக்காய்க்கு அன்று லீவு கொடுத்து அந்த இடத்தில் உருளைக்கிழங்கை வைத்தாள் ரோசா. மற்றவர்கள் கேட்டதும் எல்லாம் சரியாக வந்துவிட்டது. பாகற்காய்க்குக்கூட ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. ரோசா முகத்தில் ஒரு தெளிச்சி. “இதப் பாத்தா அவ பேசிடுவா” என்றாள். இருந்தாலும் சனிக்கிழமை காலையில் அவள் கைப்பையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று டூட்டி சார்ட், இன்னொன்று இஷ்டமில்லை என்று எழுதிய தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்தபோது முதலில் கேட்டது சாவிச் சத்தம். ஒரு பெரிய கொத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“மேட்ரன் சார்ட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றாள்.

“ஏன்? எல்லாம் சரியாத்தான வந்துச்சு?”

“என்னப் போட்டுட்டேன்ல? திங்கக்கெழம காலைல ரெண்டு நர்சு இருக்கணும். செல்வாம்பா ஒண்ணு, நான் ஒண்ணுன்னு போட்டிருந்தேன். அவுங்க பாத்துட்டு சிரிக்கறாங்க. இன்சார்ஜ் சிஸ்டரு கணக்குல வராதும்மா, நீ டாக்டர்கூட ரவுண்ட்ஸ் போவியா, டிரஸ்ஸிங் பண்ணுவியான்னு கேக்கறாங்க. இத்தினி காலமா எண்ணிப் பழகிட்டேனா, என்ன விட்டுட்டு எண்ணவே தெரியல.”

உருளைக்கிழங்கு கணக்கில் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் அது முந்தின நாள் தோன்றவேயில்லை. மற்றவர்கள் எல்லோரும் முந்தின இரவு டூட்டியோ, மாலை டூட்டியோ, ஊருக்குப் போயிருப்பவர்களோதான். மீதி இருப்பது கமலவேணி ஒருத்தி. கைப்பையில் இருக்கிற இரண்டாவது தாளை எடுத்து நீட்டினால் ரோசா பழையபடி நர்சு, திங்கட்கிழமை அவளே டூட்டி பார்க்கலாம், கமலவேணி கடலுக்குப் போகலாம், தாம்பாளமும் இருக்கும். எல்லாம் ஒரு தாளில் முடிந்துவிடும். அரைமணி நேரம் கொடுங்கள் என்று மேட்ரனிடம் கேட்டுக்கொண்டு, ஸ்டெல்லாமேரி சிஸ்டரிடம் பொறுப்பு வாங்கிக்கொள்ளப் போயிருக்கிறாள்.

அங்கே நடந்ததைச் சொல்லும்போது ரோசா அந்தம்மாவைப் போலவே பேசிக்காட்டினாள். அலமாரியைத் திறந்து கத்தரிக்கோல், இடுக்கி, தெர்மாமீட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து ரோசா கையில் வைத்து, “வொலா” என்பாராம். இந்தா என்பதற்கு மஸ்ஸேர்களிடம் கற்ற பிரெஞ்சு வார்த்தை. கடைசியாகத் தன் நாற்காலியைக் காட்டி அதற்கும் ஒரு வொலா சொல்லியிருக்கிறார். ரோசா உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமாக வெளியிலிருந்து பார்த்த அறை அது. உள்ளே உட்கார்ந்தால் கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியாக முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை ஒன்று விடாமல் தெரிகிறது.

“நீங்க சாப்புடறதும் இங்கதானா சிஸ்டர்னு கேட்டேன். ஆமா, நீங்கள்லாம் சாப்ட்டு எழுந்து வந்தப்புறந்தான்னாங்க. அதுவரைக்கும் யாரு வார்ட பாக்கறதுன்னு என்னயே திருப்பிக் கேக்கறாங்க.” ரோசா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க அங்க உக்காந்து கதை பேசிகிட்டு, சிரிச்சிகிட்டு சாப்புட்டோமே, யாராச்சும் ஒருத்தி நடுவுல எழுந்து ஓடியிருக்கோமா? ஒருநாள்கூட இல்லீங்க. எப்பிடின்னு யோசிச்சதே இல்ல. அவுங்கள போயி ராங்கின்னு சொல்லிட்டு இருந்தோம்.”

அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்டேன். மேட்ரனிடம் போய்த் திங்கட்கிழமைக் காலையில் தன் பேரை அடித்துக் கமலவேணி என்று எழுதிக் கொடுத்து, சார்ட்டை வார்டில் மாட்டிவிட்டு வந்தாளாம். கமலவேணி அதைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையோடு போய்விட்டாள். சரி, அந்த இன்னொரு தாள்?

“சிஸ்டர் மேசைக்கு ஒரு கால் ஆடிச்சி. மடிச்சி அடியில வெச்சிட்டேன்” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்றவேண்டும் போல இருந்தது. வயசு என்று ஒன்று இருக்கிறது, முதுகு என்று ஒன்று இருக்கிறது, அதனால் சாவிக்கொத்தைத் தூக்கி ஆணியில் மாட்டினேன். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் முழுசாக இல்லை. செய்தது சரி என்று தெரிந்தும் சிநேகிதி போய்விட்டாளே என்கிற முகம் அது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்தும் கொஞ்ச நேரம் கூடுதலாக முட்டிபோட்டிருந்தாள். மாதாவிடம் என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிவப்பு பெல்ட்டை இஸ்திரி போட்டாள். பெல்ட்டுக்கு இஸ்திரி போடுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். ஜெபமாலை, சாவி, கடிகாரம் எல்லாம் எடுத்துக்கொண்டவள், நான் கட்டிவைத்த கேரியரை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். மாசிமகத்துக்கு மில் லீவு. கமலவேணி விரத நாட்களில் கவிச்சி தொடமாட்டாள் என்பதால் அப்படிப்பட்ட நாளுக்கு எப்போதும் போலச் சைவமாகவே செய்திருந்தேன், தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். பழைய பழக்கம், கையை நிறுத்த முடியவில்லை. கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். பாலத்தைத் தாண்டியதும் ரோடே தெரியாத கூட்டம். மாட்டுவண்டி, டிராக்டர், டெம்போ என்று ஏறி ஜனங்கள் கடலுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். குழந்தைகள் கையில் ஊதல். டவுனுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம்.

வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சிவப்பு பெல்ட் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவளை இத்தனை காலம் பார்த்தவனுக்கே ஒரு நிமிஷம் யாரோ போலத் தெரிந்தது. கை பின்னால் கட்டியிருந்தது, முகத்தில் சிரிப்பில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நர்சுகள் அறையிலிருந்து தாம்பாளத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் தெருவில் மேளம். தீர்த்தவாரி முடிந்து திரும்புகிற சாமி ஒன்று ஆஸ்பத்திரித் தெரு வழியாக வந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்துக் கட்டிலில் இருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்து பார்த்து, அங்கிருந்தே கும்பிட்டு, “பெருமாளு!” என்றாள்.

நர்சுகள் அறை வாசலில் கமலவேணி வந்து நின்றாள். மேளம் வந்த திசையில் அவள் முகம் ஒரு கணம் திரும்பியது, பிறகு தரையைப் பார்த்தது. தன் ஊர் நாதஸ்வரத்தை அவளுக்குத் தெரியாதா? ரோசாவும் அதைப் பார்த்தாள்.

“கமலவேணி, கேட்டுக்குப் போயி பாத்துட்டு வா. செல்வாம்பா, நீயும் போ. வார்ட நான் பாத்துக்கறேன்.”

“எஸ் சிஸ்டர்” என்றாள் கமலவேணி. சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். அவள் தோள் இரண்டும் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ரோசாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி, ஒரு நோயாளிக்குக் குளுக்கோஸ் சொட்டுவதைச் சரிபார்த்தாள். அடுத்த கட்டிலில் போர்வையை இழுத்துவிட்டாள். தனியாக, முழு வார்டுக்கும் ஒருத்தியாக, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கேரியரோடு உள்ளே போகலாமா வேண்டாமா என்று நான் தயங்கி நின்றேன். மேனேஜ்மெண்டைக் கேட்காமல் உள்ளே போகிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

மேளம் நகர்ந்து போனதும் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கமலவேணி நெற்றியில் குங்குமம், கையில் துளசி. என்னைப் பார்த்தவள், “வாங்கண்ணே, அவ டப்பாவா? குடுங்க” என்று கேரியரை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கை கழுவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் கையில் ஒரு பெரிய உருண்டைச் சோற்றோடு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். எண்ணெய் மினுங்கும் கத்திரிக்காயும் என் உருளைக்கிழங்கும் அந்த உருண்டையில் ஒன்றாகப் பிதுங்கிக்கொண்டிருந்தன.

“ஏய், என்னாடி இது, வார்டுல?” என்று ரோசா பின்வாங்கினாள்.

“நீ அங்க வந்து உக்கார முடியாதில்ல? அதான் நான் வந்தேன்.” கமலவேணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனாலும் எனக்குக் கேட்டது. “உன்ன சிஸ்டர்னு கூப்புடணுமேன்னு ஊட்டுல எங்க ஊட்டுக்காரர நிக்கவெச்சி டெய்லி பிராக்டீஸ் பண்றேன்டி. அங்க நல்லாத்தான் வருது. இங்க உன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு பொத்துக்கினு வருது. வார்டுல எல்லார் எதிர்லயும் சிரிச்சிட்டா உனக்குதானே கேவலம்? அதான் ஓடிப்போயிடறது.”

“சிரிப்பா?” என்றாள் ரோசா. “கோவம்னு நெனச்சேனே! நான் எழுதிக் குடுத்துடலாம்னுகூட…”

“கோவம் இல்லன்னு யாரு சொன்னது? மாசிமகத்துக்கு என் பேரப் போட்டிருக்கல்ல, அதுக்கு கோவந்தான். வாயத் தெற.”

ரோசா வாயைத் திறந்தாள். அவள் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது, அதே சமயம் சிரிப்பும் வந்தது. உருண்டை பெரிது, முழுதும் உள்ளே போகவில்லை. கமலவேணி உள்ளங்கையால் வைத்து அழுத்தினாள். கட்டில்களில் இருந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் தையல் போட்ட ஒருத்தி சிரிக்கவும் முடியாமல் தலையணையை அணைத்துக்கொண்டு, “ஐயோ, வலிக்குதே” என்று முனகினாள். ஜன்னலோரத்துப் பாட்டி, “நல்லா மென்னு துன்னும்மா, விக்கப்போவுது” என்றாள்.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் மேட்ரனின் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் நாள் புது சிஸ்டர் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்துகொண்டிருந்தார். நான் தூணோரமாக ஒதுங்கினேன். ரோசா எதையோ சொல்லப் பார்த்தாள், வாயில் இடமில்லை. கமலவேணியோ எண்ணெய்க் கையோடு, சிரிப்பில் நகர முடியாமல் அங்கேயே நின்றாள். அப்போது என் மனைவி முதுகை நிமிர்த்தினாள். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இன்னொரு கையை உயர்த்தி, கொஞ்சமும் மடங்காத ஒரு விரலால் கமலவேணிக்கு நர்சுகள் அறையைக் காட்டினாள். ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் உப்பியிருந்தது.